எலும்புக்குள் ஒரு பல்

கதிரவேலு கொண்டுவந்த கல்லைப் பார்த்ததும் பிரசாந்திக்கு முதலில் வந்தது கோபம்தான். மறுபடியும் யாரோ தன் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆச்சரியம் பிறகுதான் வந்தது. அதையும் அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பிரசாந்தி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவள். ஜேர்மனியில் பல வருஷம் குளிரில் கிடந்து, முதலைகளின் ஆதிச் சொந்தங்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கி வந்தவள். ஊருக்கு வந்த பிறகு அந்தப் படிப்பைக் கேட்க ஆளில்லை. முதலாம் வருஷப் பிள்ளைகளுக்குக் கரப்பான் பூச்சி வெட்டக் காட்டிக்கொடுப்பதே வேலையாகிப் போனது. அப்படி இருக்கையில்தான் தொண்டைமானாற்றில் யாருடைய வலையிலோ ஒரு தாடை சிக்கியது. பாசியும் சிப்பியும் பிடித்துக் கிடந்த அதைக் கண்ட சந்தோஷத்தில், மிகப் பழைய முதலையாக இருக்கலாம் என்று ஒரு பத்திரிகைக்காரரிடம் வாயை விட்டுவிட்டாள். பத்திரிகை 'இருக்கலாம்' என்பதை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கொட்டை எழுத்தில் போட்டது. வாரம் முடியுமுன்னே உண்மை வந்துசேர்ந்தது. அது ஏதோ ஒரு கண்காட்சிக்காகச் சீமெந்தில் செய்த தாடை. கண்காட்சி முடிந்ததும் ஆற்றில் எறிந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் 'சீமெந்து மிஸ்'. சக விரிவுரையாளர்கள் அவள் தலை மறைந்த பிறகு சிரித்தார்கள். புவியியல் துறை மயூரதன் மட்டும் முகத்துக்கு நேரே சிரித்தான். நேரே சிரித்தவனைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே ஒரு ஞாயிறு காலையில், உரும்பிராயிலிருந்து வெங்காயம் கொண்டுவந்து தரும் கதிரவேலு, கொக்குவிலில் உள்ள அவள் வீட்டுக்கு வெங்காயம் இல்லாமல் யூரியாப் பையோடு வந்து நின்றபோது அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மனுஷன் சைக்கிளை மதிலோடு சாத்தினார். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு தானே கேற்றைச் சாத்திக் கொழுவினார்.

"பிள்ளை, நீங்கள் எலும்பு படிச்சனீங்கள் எண்டு கேள்விப்பட்டனான். உது மனிசற்றையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

பையிலிருந்து எடுத்து விறாந்தை மேசையில் வைத்தார். முழங்கை நீளத்தில் ஒரு துண்டு. கறுப்புச் சிவப்பாக, இரும்புக் கறை ஏறிய நிறம். எலும்புதான், ஆனால் முழுக்கக் கல்லாகிப் போன எலும்பு. பெரிய விலங்கொன்றின் தொடையின் மேற்பாதி. அதன் ஒரு பக்கத்தில், எலும்புக்குள்ளேயே குத்தி முறிந்து நின்றது ஒரு பல்.

பிரசாந்தி கண்ணாடியை எடுத்துப் போட்டாள். பல் தட்டையாக இருந்தது, பின்பக்கம் வளைந்திருந்தது, இரண்டு விளிம்பிலும் அரிவாளின் பல் போல நுணுக்கமாக வெட்டு வெட்டாக ஓடியது. இந்தப் பல்லைப் பற்றி அவள் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியிருக்கிறாள். எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் சொல்லிவிடுவாள்.

"மனிசற்றை இல்லை, ஐயா. பயப்பிடாதேங்கோ."

கதிரவேலு கதிரையில் தொப்பென்று இருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பக்கத்து ஊர்களில் மனிதப் புதைகுழிகளிலிருந்து எலும்புகள் கிண்டி எடுக்கப்பட்டு, கோர்ட்டும் பொலிசும் கூடாரமும் கமராவுமாகக் கிடந்த காலம் அது. மண்ணுக்குள் எலும்பைக் கண்டவன் நித்திரை கொள்ளமாட்டான். இது பிரசாந்திக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிம்மதி கொஞ்சம் அதிகப்படியாக அவள் கண்ணுக்குப் பட்டது.

"எங்கை எடுத்தனீங்கள்?"

"கிணத்துக்குள்ளை. ஆழப்படுத்தேக்குள்ளை, அடியிலை இருந்து வந்தது."

"கல்லை உடைக்கேக்குள்ளையோ?"

"ஓமோம். கல்லுக்குள்ளை இருந்துதான்."

பொய். பிரசாந்திக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோனது. யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே கிடப்பது வெள்ளைச் சுண்ணாம்புக் கல். கடலுக்கடியில் சிப்பியும் சங்கும் படிந்து உண்டானது. அதற்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று கோடி வயது. மேசையில் கிடக்கும் பல்லுக்கு உரியதோ இருபத்துநாலு கோடி வருஷத்துக்கு முந்தியது. அது தரையில் நடந்த காலத்தில் இந்தக் குடாநாடே கிடையாது. உரும்பிராய்க் கிணற்றடியில் அது முளைக்க வழியே இல்லை.

அப்படியானால் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து இந்த மனுஷன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யார்? பிரசாந்திக்கு உடனே மயூரதனின் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. அவனும் உரும்பிராய்க்காரன். இந்த முறை சீமெந்து இல்லை, அசல் சாமான். "யாழ்ப்பாணத்தில் ஆதி முதலை" என்று அவள் மறுபடி வாயைத் திறக்க வேண்டும், உலகமே சிரிக்க வேண்டும். நல்ல திட்டம்தான்.

இந்த எலும்பு இந்த மண்ணுக்குரியது அல்ல என்று அப்போதே அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். ஆனால் தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் கள்ளன் உஷாராகிவிடுவான் என்று நினைத்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதனால் முகத்தைப் பால்போல வைத்துக்கொண்டு, "வடிவாப் பாக்கத்தான் வேணும், ஐயா. இஞ்சை விட்டுட்டுப் போங்கோ" என்றாள்.

கதிரவேலு எலும்பைத் தூக்கிப் பைக்குள் வைத்தார். "அது வேண்டாம், பிள்ளை. பாக்கிறதெண்டால் வீட்டை வந்து பாருங்கோ."

அவர் நம்பவில்லை, இவளும் நம்பவில்லை. சந்தேகப்படுவது எங்கள் ஊரில் குணக்கேடு அல்ல. ஆட்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம். யாரை எங்கே எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டே ஒரு தலைமுறை நரைத்துப் போயிற்று. அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் உரும்பிராய்க்குப் போனாள். செம்மண் தோட்டம், வெங்காயப் பாத்திகள், பின்னால் வாழை. கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உட்சுவரில் பாசி பச்சைப் பசேலென்று தண்ணீர் மட்டம் வரை பிடித்திருந்தது, ஒரு கீறல் இல்லை. உடைத்த கல்லைக் குவித்த அடையாளம் சுற்றுவட்டத்தில் எங்கும் கிடையாது.

"உடைச்ச கல்லெல்லாம் எங்கை, ஐயா?"

"ரோட்டுக்குப் போடவெண்டு ஏத்திக்கொண்டு போட்டினம்."

"அதுக்குள்ளை பாசியும் வளந்திட்டுது."

கதிரவேலு காதில் விழாதவர்போலத் தோட்டத்துக் குழாயைப் பூட்டப் போனார். பிரசாந்தி வாழைப் பக்கம் நடந்தாள். அங்கே ஓரிடத்தில் புதுமண் கிளறி, மேலே தென்னோலை பரப்பி மூடியிருந்தது. இரண்டடி எடுத்து வைப்பதற்குள் மனுஷன் விரைந்து வந்து முன்னால் நின்றார்.

"அங்காலை போகாதேங்கோ. பாம்பு கிடக்கு."

பாம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

அங்கேதான் அவள் மிச்சத்தைக் கண்டாள். வெங்காயம் கட்டித் தொங்கவிடும் அறையில் ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்குள் இன்னும் சில துண்டுகள் கிடந்தன. அவற்றில் ஒன்று தாடை. பல் இருந்த குழிகள் வரிசையாக, மண் நிறைந்து, தெளிவாக. குழி ஒவ்வொன்றும் அவள் பெருவிரல் போகிற அகலம். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். கடித்ததும் கடிபட்டதும் ஒரே பேசினுக்குள். ஆனால் கதிரவேலு ஒரு சாக்கை எடுத்து மேலே போட்டுவிட்டார். தொடை எலும்பை மட்டும் வெளியே எடுத்துத் தந்து, போனில் படம் எடுக்க விட்டார்.

அவர் மனைவி செல்வநாயகி தேத்தண்ணி கொண்டுவந்தார். மெலிந்த மனுஷி, கதைக்குமுன் புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறவர்.

"உப்பிடியான சாமான் காணிக்குள்ளை வந்தால் மேலிடத்துக்கு அறிவிக்க வேணுமோ, பிள்ளை?"

சரி, விலை பேசத் தொடங்குகிறார்கள் என்று பிரசாந்தி நினைத்தாள். பயங்காட்டினால் உண்மை வரும் என்றும் நினைத்தாள்.

"அறிவிக்கத்தான் வேணும், அம்மா. அவையள் வந்து காணி முழுக்கக் கிண்டிப் பாப்பினம். எங்கை இருந்து வந்தது எண்டு உள்ளதைச் சொன்னால் வேறை கதை."

செல்வநாயகி தட்டத்தை மேசையில் வைத்தார். "என்ரை சீதனக் காணியிலையும் உப்பிடித்தான் நடந்தது. இருபது வருஷத்துக்கு மேலை ஆமி வைச்சிருந்திட்டு விட்டவங்கள். சந்தோசத்திலை வேலி போடக் கிண்டினம், நாலு பழைய செங்கல்லு வந்தது. இவர் அதைப் பெருமையா எல்லாருக்கும் காட்டினார். பேந்து தொல்லியல் திணைக்களத்துக்குரிய இடம் எண்டு ஒரு பலகை வந்தது. இப்ப நாங்கள் வெளியிலை நிண்டு பாக்கிறம். எங்களுக்கு இனி இந்தக் காணித் துண்டு ஒண்டுதான்."

"உதெல்லாம் ஏனப்பா இப்ப" என்றார் கதிரவேலு.

பிரசாந்தி இதையெல்லாம் கேட்டாள். கண்ணீர்க் கதை என்று ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள். என்ன படிப்புப் படித்தாளோ தெரியாது. எதிரே இரண்டு பேர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள், அவளோ அவர்கள் நடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை வாறன். மிச்சத்தையும் அண்டைக்குப் பாப்பம். நீங்களும் யோசிச்சு வையுங்கோ, ஐயா" என்று எழும்பினாள். அந்த 'யோசிச்சு வையுங்கோ'வை அவள் வேண்டுமென்றே அழுத்திச் சொன்னாள்.

கதிரவேலு படலை வரை வந்தார். "ஞாயிறோ? நல்லது" என்றார்.

படங்களை அவள் ஷெரோனுக்கு அனுப்பினாள். ஷெரோன் அவளோடு படித்தவள், இப்போது ஜேர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தில் வேலை. பிறந்தது அங்கே என்றாலும் தாய் தகப்பனிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழ் அப்படியே நாக்கில் இருக்கும். வியாழக்கிழமை குரல் பதிவு வந்தது.

"பிரசாந்தி, நான் மூண்டு தரம் பாத்திட்டன். பல்லைச் சுத்தி எலும்பு வளந்து கிடக்கு, நீ கவனிச்சனியோ? கடிபட்டது தப்பி ஓடி, காயம் ஆறி, கனகாலம் சீவிச்சிருக்கு. அப்ப கடிச்சது செத்த பிணத்தைத் தின்ன வந்தது இல்லை. உயிரோடை நிண்டதை, தன்னைவிடப் பெரிசை, பாஞ்சு அடிச்சிருக்கு. உந்த வயசுக் கல்லிலை உப்பிடி ஒண்டு நான் இதுவரைக்கும் கண்டதில்லை. கல்லைப் பாத்தால் தெற்குத் தன்சானியா மாதிரிக் கிடக்கு. ஆரிட்டை இருக்கு இப்ப?"

பிரசாந்தி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். காயம் ஆறிய அந்த வளையத்தை அவளும் கண்டிருந்தாள். இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது உறுதியானது. டைனோசர்கள் இன்னும் கோழி வான்கோழி அளவில் ஒளிந்து திரிந்த காலம் அது. அப்போது நிலத்தை ஆண்டவை முதலையின் சொந்தங்கள். இன்றைய முதலையைப்போல வயிற்றால் ஊர்ந்தவை அல்ல. கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண்போல நிற்க, உயர்ந்த தலையோடு தரையில் ஓடி வேட்டையாடியவை. அவற்றுக்கு மேலே அஞ்ச ஒன்றும் இருக்கவில்லை. பல்லையும் தாடையையும் வைத்து ஆராய்ச்சிக்காரர்கள் இதையெல்லாம் சொல்லி வந்தார்கள். ஆனால் வேட்டை நடந்த அந்தக் கணமே கல்லாகிக் கிடக்கிறதென்றால், அது வெங்காய அறையில் ஒரு பேசினுக்குள் கிடக்கிறதென்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் வாழ்நாளில் வேறெதுவும் கேட்டதில்லை. இப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சரியான இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஷெரோன் ஏன் கடைசியில் 'ஆரிட்டை இருக்கு' என்று கேட்டாள்? அந்தக் கேள்வி பிரசாந்திக்குப் பிடிக்கவில்லை. தட்டிக்கொண்டு போக நினைக்கிறாளோ? பதில் அனுப்பாமல் விட்டுவிட்டாள். ஒரு தட்டில் சோறு தின்ற சிநேகிதியையே சந்தேகப்படும் அளவுக்குப் போய்விட்டது அவள் நிலைமை.

வெள்ளிக்கிழமை கன்ரீனில் மயூரதன் எதிரே வந்து இருந்தான். "என்ன பிரசாந்தி, உரும்பிராய்ப் பக்கம் கண்டதெண்டு சொல்லுகினம். புதுப் பல்லு ஏதும் விழுந்திருக்கோ?"

அவ்வளவுதான், பிரசாந்திக்குப் பொறுமை போய்விட்டது. போனை எடுத்துப் படத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்த விளையாட்டை இனியாவது விடும், மயூரதன். எங்கை வாங்கினனீர் இதை?"

மயூரதன் போனை வாங்கினான். அவன் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான்.

"நான் எங்கை வாங்கிறது? இந்த நிறக் கல்லை நான் சின்னனிலை கண்டிருக்கிறன். இராசநாயகம் மாஸ்டற்றை மேசையிலை இப்பிடி ஒண்டு கிடக்கும். கடுதாசி பறக்காமல் வைக்கிறவர். தொட விடமாட்டார்."

"ஆர் இராசநாயகம் மாஸ்டர்?"

"எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்சவர். அந்தக் காலத்திலை ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போன எங்கடை வாத்திமாரிலை ஒராள். தன்சானியாவிலை கனகாலம் இருந்தவர். தொண்ணூற்றைஞ்சிலை ஆமி வர எல்லாரும் வெளிக்கிட்டு ஓடேக்குள்ளை, எதையோ வளவிலை குண்டுக்கு ஒளிக்க வெட்டின பங்கருக்குள்ளை போட்டு மண்ணை மூடிப்போட்டுத்தான் அவரும் போனவர். பிறகு வன்னியிலை மலேரியாவிலை செத்துப் போனார். கதிரவேலண்ணையின்ரை தமையன்தான். இப்ப அண்ணை இருக்கிறதும் அவற்றை வளவிலைதான். அண்ணை அப்ப கொழும்பிலை கடையிலை நிண்டவர், செத்தவீட்டுக்கும் வரக் கிடைக்கேல்லை."

பிரசாந்தி போனைத் திருப்பி வாங்கினாள். வாழைக்கிடையில் கிளறிய மண், மேலே பரப்பிய ஓலை, பாம்பு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. பழைய பங்கரைக் கிண்டுகிறவன் அதை வெளியே சொல்வானா? ஆயுதம் தேடுகிறான் என்பார்கள், புதைத்த தங்கம் தேடுகிறான் என்பார்கள். பின்னேரத்துக்குள் வாசலில் ஜீப் வந்து நிற்கும். அதனால்தான் மனுஷன் கிணறு என்று சொல்லியிருக்கிறார். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இதை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது.

"உடனை ஒரு கோல் எடுத்துச் சொல்லும். அந்த மனிசன் பயந்த ஆள்" என்றான் மயூரதன்.

அவள் எடுக்கவில்லை. எண்ணைத் தேடி எடுத்தாள், விரலை வைத்தாள், பிறகு யோசித்தாள். தமையன் கொண்டுவந்தது என்று கதிரவேலுவுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துகொண்டே மறைத்திருந்தால்? போனில் முகம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நேரே சொல்லி, சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறதென்று பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி நினைத்துப் போனைப் பைக்குள் வைத்தாள். மயூரதன் மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் அந்தச் சந்தேகப் புழு அவளை விடவில்லை.

ஞாயிறு காலை வெயில் ஏறுமுன்னே உரும்பிராய்க்குப் போய்விட்டாள். எலும்பைச் சுற்றிக் கொண்டுவரப் பஞ்சும் துணியும் ஒரு நல்ல பெட்டியும் எடுத்துப் போயிருந்தாள். கதிரவேலு படலையிலேயே நின்றார். சவரம் செய்து, வெள்ளைச் சாரம் கட்டி, ஏழெட்டு வயது குறைந்தவர் மாதிரி இருந்தார்.

"வாங்கோ பிள்ளை. என்ன விஷயம்?"

"மிச்சத் துண்டுகளையும் பாக்க வந்தனான், ஐயா."

"என்ன துண்டு?"

"அந்த எலும்பு. தாடை."

"எலும்போ? இஞ்சை ஒரு எலும்பும் இல்லையே. நீங்கள் வேறை ஆற்றையோ வீடெண்டு மாறி வந்திட்டியள் போல."

அவர் குரலில் பயமே இல்லை. அதுதான் பிரசாந்தியைப் பயப்படுத்தியது. அவரைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு வெங்காய அறைக்குப் போனாள். பேசின் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. வெளியே வந்தாள். வாழைக்கிடையில் குழி மூடி, மண் மட்டப்படுத்தி, மேலே புது வாழைக்குட்டி நட்டிருந்தது. திரும்பினாள். கிணற்றைச் சுற்றிப் புதுசாகச் சீமெந்து போட்டிருந்தது. குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் வசதியாக, நல்ல அகலத்தில், சாம்பல் நிறத்தில், மேலே ஈரச்சாக்கு விரித்து.

ஓரத்தில், கரண்டி சரியாக ஓடாத இடத்தில், கறுப்புச் சிவப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். சின்னிவிரல் நகமளவு. மிச்சமெல்லாம் உள்ளே.

"உடைச்சுப் போட்டியளோ?" என்றாள்.

கதிரவேலு ஈரச்சாக்கின் ஓரத்தைக் காலால் சரிசெய்தார். செல்வநாயகிதான் குசினி வாசலில் நின்றபடி சொன்னார். "வியாழக்கிழமை உடைச்சவர். இரும்பு அலவாங்காலை குத்தி, பேந்து சுத்தியலாலை பொடியாக்கி, கல்லோடை கலந்து போட்டார். நீங்கள் அறிவிக்க வேணும் எண்டு சொன்னபிறகு அவருக்குச் சோறு இறங்கேல்லை, பிள்ளை. கோவியாதேங்கோ."

வியாழக்கிழமை. ஷெரோனின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த நாள். பிரசாந்தி கிணற்றுக்கட்டில் இருந்தாள். இருபத்துநாலு கோடி வருஷம் மண்ணுக்குள்ளும், இராசநாயகத்தின் மேசையிலும், குண்டு விழுந்த காலத்தில் பங்கருக்குள்ளும் பத்திரமாகக் கிடந்தது, அவள் வாயிலிருந்து வந்த ஒரு பயமுறுத்தலுக்குப் பொடியாகிவிட்டது. அழவேண்டும் போல இருந்தது, அழுதாள்.

"ஐயா, அது உங்கடை காணிக்குரிய கல்லே இல்லை. இந்த நாட்டுக்கல்லே இல்லை. ஆபிரிக்காவிலை இருந்து வந்தது. அதைக் காட்டி ஒருத்தரும் உங்கடை நிலத்திலை கை வைக்க ஏலாது. ஒரு பலகையும் வந்திருக்காது."

கதிரவேலு முதலில் நம்பவில்லை. புதுத் தந்திரம் என்றுதான் எடுத்தார், அது அவர் கண்ணில் தெரிந்தது. "ஆபிரிக்காக் கல்லு என்ரை வளவுக்குள்ளை எப்பிடி வந்தது?"

"உங்கடை தமையன் கொண்டு வந்தது. இராசநாயகம் மாஸ்டர். போகேக்குள்ளை பங்கருக்குள்ளை வைச்சு மூடினவர்."

அவள் பார்க்க நினைத்த முகத்தை இப்போது பார்த்தாள். தெரிந்து மறைத்த முகம் அல்ல அது. மனுஷனின் வாய் கொஞ்சம் திறந்தது. கை எதையோ பிடிக்கத் தேடி, கிணற்றுத் தூணைப் பிடித்தது.

"அண்ணையோ?" என்றார். "அண்ணையின்ரை ஒரு படம்கூட எங்களிட்டை இல்லை. வீடு எரிஞ்சதோடை எல்லாம் போட்டுது. அவர் ஓடேக்குள்ளை, நகை நட்டை விட்டுட்டு, இதையோ தாட்டவர்?"

"ஓம், ஐயா. அவருக்கு அது பெரிய சாமானாய் இருந்திருக்கு."

"நான் என்ரை கையாலை குத்தினனான்" என்றார் அவர். திரும்பி அவளைப் பார்த்தார். "பிள்ளை, ஒண்டு கேக்கிறன். அது என்ரை காணிக்குரிய கல்லில்லை எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தால் முக்கால்வாசி உண்மையாகவும் இருந்திருக்கும். பிரசாந்தி சொல்லவில்லை.

"நீங்கள் கொண்டுவந்த அண்டைக்கே தெரியும்."

"அண்டைக்கேயோ?"

"நீங்கள் என்னை ஏமாத்த வந்தனீங்கள் எண்டு நினைச்சனான். அதாலை சொல்லேல்லை."

செல்வநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கதிரவேலு ஏசுவார் என்று பிரசாந்தி எதிர்பார்த்தாள். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் ஏசவில்லை. கொட்டிலுக்குப் போய் அலவாங்கை எடுத்து வந்தார். ஈரச்சாக்கை ஒரு பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சிவப்புப் பொட்டுத் தெரிந்த ஓரத்தில் ஓங்கிக் குத்தினார். சீமெந்துச் சில்லு பறந்தது. இன்னொரு குத்து. கையில் ஒரு கட்டி வந்தது. அதைத் தூக்கி, ஊதி, விரலால் சுரண்டினார். சாம்பல் நிறத்துக்குள் சிவப்புத் தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எலும்பென்றும் சொல்ல முடியாது, கல்லென்றும் சொல்ல முடியாது.

பிரசாந்தி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் ஐயா, விடுங்கோ. இனி ஒண்டும் எடுக்க ஏலாது."

கதிரவேலு அலவாங்கை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார்.

"இதை மட்டும் உடனை சொல்லிப்போட்டியள், பிள்ளை" என்றார். பிறகு அவள் கையை மெல்ல எடுத்து விட்டுவிட்டு, அலவாங்கை மறுபடியும் ஓங்கினார்.